கார்புரேட்டர் மேல் விழுந்த பழி

அநியாயம் நடந்தது கார்புரேட்டருக்கு. அந்தப் பழைய பைக் தெருமுனை வரை ஓடி நின்றுவிடும். பழி இவள் மேல் விழும். விசாரணையா? அதெல்லாம் கிடையாது.

மெக்கானிக் மூன்று முறை அவளைப் பிரித்து, மண்ணெண்ணெயில் முக்கி, பிரஷால் தேய்த்து, காற்றடித்து மாட்டினார். பளபளவென்று மின்னினாள். வண்டி மறுபடியும் தெருமுனையில் நின்றது.

"நீ பழைய இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு," என்றது பெட்ரோல் டேங்க். அதற்குப் புதிதாகச் சிவப்புப் பெயின்ட் அடித்து, மூடி வரைக்கும் பாலிஷ் போட்டிருந்தார்கள். "என்னைப் பாரும்மா, ஒரு குறை சொல்ல முடியுமா?"

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார். "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டணும்."

"மாட்டுங்க அண்ணே," என்றாள் கார்புரேட்டர். "அதுக்கு முன்னாடி என் வயித்துல பெட்ரோல் இருக்கான்னு பாருங்க. எனக்கே வராததை நான் எப்படி இன்ஜினுக்குக் கொடுப்பேன்?"

அவளுடைய அடித்திருகைக் கழற்றினார். ஒரு சொட்டு இல்லை. டேங்க்கை அசைத்தால் தளும்பியது. சந்தேகத்தோடு அதன் மூடியைத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. கழற்றிய திருகு வழியே பெட்ரோல் இறங்கி அவர் கையை நனைத்தது. மூடியில் காற்று உள்ளே போக இருந்த ஊசித்துளையைப் பாலிஷ் பசை அடைத்திருந்தது; காற்று புகாமல் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்!

பசையை எடுத்துவிட்டு ஒரே உதை. வண்டி தெருமுனையைத் தாண்டி ஊரையே சுற்றி வந்தது.

"ஒரு சின்ன ஓட்டைக்கு இவ்வளவு பேச்சா?" என்று முணுமுணுத்தது டேங்க்.

கார்புரேட்டர் சொன்னாள்: "என்னை மூணு தடவை பிரிச்சுப் பார்த்தாங்க, டேங்க் அண்ணா. உங்களை ஒரே தடவை திறந்தாங்க. போதுமா இருந்துச்சு."