லேசான ஹெல்மெட்

பேளுக்குறிச்சி ஹெல்மெட் கம்பெனியில் தரச் சோதனை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஹெல்மெட்டுக்குள் வைக்கும் தெர்மாகோல் மணி ஒன்றை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள் தேன்மொழி. பொடிப்பொடியாக நெருங்கியிருக்க வேண்டிய நுண்ணறைகள் ஊதிப் பெருத்து, சுவர் மெலிந்து கிடந்தன.

"மணிக்குள்ள கேஸ் அதிகமுங்க. லேசா இருக்கும், ஆனா விழுந்தா தலையக் காப்பாத்தாது."

"இத்தனை மாசமா யாரும் குறை சொல்லலையே கண்ணு" என்றார் முதலாளி பொங்கியண்ணன். "உனக்கு முன்னாடி இந்த வேலை பார்த்த செல்லமுத்து, நம்ம ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டுத்தான் தினமும் கொல்லிமலையில இருந்து பைக்குல எறங்கி வருவான். அவன்கூட ஒண்ணும் சொன்னதில்லை."

"அவரு ஏனுங்க வேலைய உட்டுட்டாரு?"

பொங்கியண்ணன் சோதனைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அவன் எங்க உட்டான்? போன மாசம் மலை வளைவுல வண்டியோட விழுந்து, போய்ச் சேர்ந்துட்டான். நீ கையெழுத்தைப் போடு சாமி."