கோணப் பொட்டு

நாற்காலி பின்னுக்குச் சாய்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நெற்றியில் பஞ்சு பட்டது. சில்லென்று இருந்தது.

"ஒரே தடவைல போகாதும்மா. லேசருக்கு நாலஞ்சு தடவை வரணும்" என்றாள் பார்லர்ப் பெண் மெர்சி.

வெளியே சோபாவில் நாத்தனார் காந்திமதி காத்திருக்கிறாள். அவள் மகள் கல்யாணம் நெருங்கிவிட்டது. அதற்குள் தவமணியின் நெற்றியில் இருக்கும் பொட்டு போயாக வேண்டும்.

"எனக்கென்ன ஆசையா மதினி? நீங்க நாலு பேரு வாயில விழக் கூடாதுன்னுதான்."

சொல்லும்போதே அழுதாள், பாவம். போனது அவளுக்கும் அண்ணன்தானே.

கருமாதி அன்று தவமணியின் குங்குமத்தை அழித்தார்கள். அழிந்தது. அடியில் குத்தியிருந்த பொட்டு அழியவில்லை. ஒருத்தி ஈரத்துணியை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். தோல்தான் உரிந்தது.

அட, அழியக் கூடாது என்றுதானே குத்தினது!

ஸ்டிக்கர் பொட்டின் பசை தவமணிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அரித்து அரித்து, அந்த இடமே வெளுத்துவிட்டது. குங்குமம் வைத்தால் வேர்வையில் வழியும். தினமும் காலையில் புருஷன் முன்னால் போய் நிற்பாள்.

"நடுவுல இருக்கா?"

பூபாலன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார்.

"இருக்கு."

பார்க்காமலே சொல்கிற பொய். அதைக் கேட்காமல் அவளால் வாசலைத் தாண்ட முடியாது.

அவர்தான் ஒருநாள் இங்கே கூட்டிவந்தார். இனிமேல் நீ கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம் என்றார். "செவப்பா இருக்கு, இதுக்குப் பேரு பச்சை குத்துறதாம்" என்று மெர்சியிடம் வம்பு வளர்த்தார். அவள் இடம் குறிக்க எடுத்த பேனாவையும் பிடுங்கிக்கொண்டார். இத்தனை வருசம் பார்த்த மூஞ்சி, எனக்குத் தெரியாத நடுவா?

கண்ணில் புரையை வைத்துக்கொண்டு அவர் குறித்த நடு, இடப்பக்கம் ஒதுங்கிப் போனது. மெர்சி சொல்லிப் பார்த்தாள். மனுசன் கேட்டால்தானே.

வீட்டுக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு தவமணி போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. புரை எடுத்துக் கட்டைப் பிரித்த அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவள் கோணப் பொட்டுக்காரி.

"வா, போய்ச் சரி பண்ணிட்டு வந்துருவோம்" என்பார். போவோம் போவோம் என்றே இருந்துவிட்டார்கள்.

"சரி பண்ண வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேம்மா" என்றாள் மெர்சி மெல்ல. "இப்படி வருவீங்கன்னு நெனைக்கல."

இயந்திரம் முனக ஆரம்பித்தது.

தவமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்."

"அழிக்க வேண்டாமா? அப்ப சரி பண்ணிரவா? நடுவுக்குக் கொண்டாந்துரலாம்."

"அதுவும் வேண்டாம். மங்கிப்போச்சு பாரு. அதே இடத்துல கலர மட்டும் ஏத்திவிடு."

மெர்சி கதவைப் பார்த்தாள்.

"வெளிய அவங்க..."

"கல்யாணத்துக்கு நான் வரலைன்னு சொல்லிக்கிறேன்."

இயந்திரம் நின்றது. மெர்சி ஊசியை எடுத்தாள்.

கருமாதி வீட்டில் ஆள் மாற்றி ஆள் பக்கத்திலேயே இருந்தார்கள். இஷ்டத்துக்கு அழ முடியவில்லை. இங்கே அழுதால் ஊசி வலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

அழுதாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"ஆமா."

முடிந்ததும் மெர்சி கைக்கண்ணாடியை நீட்டினாள். தவமணி அதை வாங்கவில்லை. எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, அவள் முன்னால் வந்து நின்றாள்.

"நடுவுல இருக்கா?"

மெர்சிக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து ஊசியைத் துடைக்க ஆரம்பித்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

"இருக்கு."