குறைமாசம்

பிறந்ததிலிருந்தே குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் முனகியது. நெஞ்சுக்கூடு உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது. பாலக்காட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மயிலாத்தாளால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, புள்ள கொழுகொழுன்னுதான இருக்குது? அப்பறம் என்னங்க?" மாமியார் கமலாத்தாள் எட்ட நின்றே விடாமல் கேட்டாள்.

"தாய்க்குச் சர்க்கரை இருக்கு. அதான் உடம்பு பெருத்திருக்கு. நுரையீரல் இன்னும் பக்குவப்படலை. மூச்சு விட்டதும் அது சுருங்கி ஒட்டிக்காம இருக்க, உள்ளே சோப்பு நுரை மாதிரி ஒரு பூச்சு வேணும். கொழுப்பும் புரதமும் சேர்ந்த படலம். கடைசி மாசங்கள்லதான் அது ஊறும். வெளியே இருந்து கொடுக்க இன்னும் மருந்து வரலை."

"அப்ப, நெசமாலுமே கொறமாசந்தானுங்களா?"

"ஆமா. ஏழு மாசம்தான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

கோபாலபுரத்திலிருந்து வழியெல்லாம் வாயைத் திறக்காமல் வந்த அத்தைக்குப் பேரன்மேல் இத்தனை உசிரா என்று மயிலாத்தாள் நெகிழ்ந்துபோனாள்.

பொழுது சாயும்போது முனகலோடு மூச்சும் நின்றுபோனது.

கமலாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து மருமகளின் தலையைத் தடவினாள்.

"அழுவாத கண்ணு. தையில கல்யாணம், ஆவணியில பிரசவம். வகுறு பெருத்தப்பவே ஊரு வாயில உளுந்துட்டோம். நானுந்தான் உன்னையச் சந்தேகப்பட்டுட்டேன்." முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "இப்பத்தான் மனசு ஆறுச்சு. அது எம்மவன் புள்ளதான், சாமி."

அதற்கப்புறம்தான் எழுந்துபோய், பேரனை முதன்முதலாகக் கையில் எடுத்தாள்.