கூடை வைத்த வண்டி

உறையூர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் பூம் லிஃப்ட் வந்து நின்றதும் அழகிரி அதன் கூடையைத் தொட்டுப் பார்த்தான். கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிக்க முடியவில்லை, கூடை வைத்த வண்டி எடுங்கள் என்று அவனும் ஜெயக்குமாரும் கான்ட்ராக்டரிடம் எத்தனை முறை கெஞ்சியிருப்பார்கள்.

"கயிறு தாங்கும்டா, போய் வேலையப் பாருங்க" என்பார் அவர்.

இன்று அவரே கீழே நின்று பதறினார்.

"பெல்ட்டை மாட்டிக்கிட்டு ஏறு அழகிரி. ஹெல்மெட் எங்க?"

கூடை ஆடாமல் அசையாமல் ஐந்தாவது மாடிக்குப் போயிற்று. நிற்க இடம் இருந்தது, பிடிக்கக் கம்பி இருந்தது. இப்படி ஒரு வண்டி இருந்தால் கிழவனாகும் வரைக்கும் பெயிண்ட் அடிக்கலாம் என்று ஜெயக்குமார் சொல்வான்.

"நாளைக்கும் வண்டி வருமாண்ணே?" மேலிருந்து கேட்டான் அழகிரி.

"இன்னைக்கு மட்டுந்தான்ப்பா. முசிறியிலேர்ந்து அவன் ஜனம் வேன்ல வந்துக்கிட்டிருக்கு. அவங்க கண்ணுல கயிறு படக்கூடாதுன்னுதான் எடுத்தேன். நாளைக்குப் பழையபடி கயிறுதான்."

அழகிரி கூடைக்குள் சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸ் பேனரை விரித்து, நான்கு மூலையையும் இழுத்துக் கட்டினான்.

'கண்ணீர் அஞ்சலி' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே ஜெயக்குமார் சிரித்துக்கொண்டிருந்தான்.