ஆளில்லாத வீடு

"மூச்சு காட்டாதே. ஜீப் வந்திருக்கு."

எலக்ட்ரீஷியன் ஜன்னலோரத்திலிருந்து குனிந்தபடியே வந்து மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"பேங்க்காரனா?" என்று கிசுகிசுத்தாள் அவள்.

"நகராட்சி ஜீப். எல்லாம் ஒண்ணுதான். எதிர் வீட்டுக்குப் பேங்க் பூட்டுப் போட்டப்போ கூடவே வந்து நின்னது இவங்கதானே?"

எதிர் வீட்டு அக்கா நடுத்தெருவில் மெத்தை மேல் உட்கார்ந்து அழுதது இன்னும் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மூலையில் அவள் மாமனார் வாயில் துண்டைத் திணித்து இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். பாவம், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வீட்டுக் கடன் தவணை நின்றதிலிருந்து இதுதான் பிழைப்பு. "நோட்டீஸைக் கையில வாங்க ஆளிருந்தாத்தான் வீட்டைப் பிடுங்க முடியும். ஆளே இல்லைன்னா சுவத்துகிட்டயா கொடுப்பான்?" என்று வேலையிடத்தில் எந்தப் புண்ணியவானோ சொல்லிவிட்டான். இவனும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சும்மா சொல்லக்கூடாது, செய்வதைத் திருந்தச் செய்தான். மெயின் சுவிட்சை அணைத்தான். வாசலைக் கூட்டக் கூடாது, செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, தபால் பெட்டி பிதுங்கினாலும் தொடக் கூடாது. போக வரப் பின்பக்கச் சந்து. அவள் ஆசையாக வளர்த்த ரோஜா தொட்டியிலேயே கருகிப் போனது.

அழைப்பு மணி வேலை செய்யாததால் கதவைத் தட்டினார்கள்.

"அம்மா, உள்ளே யாராவது இருக்கீங்களா?" தன்மையான பெண் குரல்.

"பொம்பளைதாங்க. என்னன்னு கேட்டுட்டு வரட்டுமா?"

"பொம்பளையை அனுப்பினா நீ திறப்பேன்னு அவங்களுக்குத் தெரியும். பேசாம உட்காரு."

"கொஞ்சம் பேசணும்மா. பயப்படாதீங்க, கதவை மட்டும் திறங்க."

"பார்த்தியா? எதுக்குன்னு வாயைத் திறக்குறாளா பாரு. நல்ல விஷயம்னா வாசல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

மாமனார் துண்டை எடுத்தார். "டேய், ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்னடா? போன வாரமும் இதே பொண்ணுதான் வந்தா."

"அப்பா, நீங்க இருமாம இருந்தாலே பெரிய உபகாரம்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேவிட்டாள். அவன் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த வீடு போச்சுன்னா அப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்கே போவோம்? நீயே சொல்லு."

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

கதவை இன்னும் இரண்டு தடவை தட்டினார்கள். பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. ஜீப் கிளம்பியது.

"போயிட்டாங்க." அவன் சுவரில் சாய்ந்து சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"மாமா, இப்ப நல்லா இருமிக்கோங்க."

அவர் ஆசை தீர இருமினார்.

தெருமுனையில் ஜீப் திரும்பும்போது டிரைவர் கேட்டார். "வாசல்லயே விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே மேடம்?"

"தெருவே கேட்கிற மாதிரி ஒருத்தர் கடனைப் பத்திப் பேசக் கூடாதுன்னு உத்தரவு. அவங்களுக்கும் மானம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அங்கே ஈ காக்கா இருக்கிற மாதிரித் தெரியலை மேடம். செடி கருகிக் கிடக்கு. மீட்டர்கூட ஓடலை."

"நானும் பார்த்தேன். மூணு தடவை வந்தாச்சு, இனி என்ன பண்றது?" அதிகாரி பெருமூச்சு விட்டார். "ஆள் குடியிருக்கிற வீட்டைத் தொடக் கூடாதுன்னு நகராட்சி இப்போ தடை போட்டிருக்கு. ஒரே ஒருத்தர் முகத்தைக் காட்டியிருந்தாக்கூட அந்த வீட்டைக் காப்பாத்தியிருப்பேன்."

சொல்லிக்கொண்டே அவர் பேங்குக்குப் போன் போட்டார். "காலி வீடுதான் சார். நாளைக்கே நீங்க பூட்டிக்கலாம்."