கோழிக்குப் போட்ட அட்டவணை

சோசம்மா மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடி, குடை, மாங்காய் ஊறுகாய் பாட்டில் எல்லாம் பைக்குள் போயாகிவிட்டது. கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது.

நாலு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த பிஜேஷ் கடித்த பரிப்புவடையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். அவள் வேலைக்கு உலை வைத்தது அவன் கணினி நிரலில் எழுதிய ஒரே ஒரு வரி.

லண்டன் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து பக்கம் கட்டிக் கொடுக்கிற அலுவலகம் அது. கட்டுரைகள் எக்ஸ்எம்எல் என்ற கணினிக் குறிமொழியில் இருக்கும். தலைப்புக்கு ஒரு கூடு, பத்திக்கு ஒரு கூடு, பிழை திருத்துகிறவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புக்கும் ஒரு கூடு. பக்கம் ஆக்கும்போது எக்ஸ்எஸ்எல்டி என்ற நிரல் குறிப்புக் கூட்டை மட்டும் உள்ளடக்கத்தோடு தூக்கி எறிந்துவிடும்.

பிழை திருத்தும் சோசம்மா இதுவரை எழுதிய குறிப்புகளை அடுக்கினால் பத்மநாபசுவாமி கோவில் கோபுரம் அதன் கழுத்தளவுக்குத்தான் வரும். வெளியார் ஒருவர்கூட அதில் ஒன்றையும் படித்ததில்லை.

போன வாரம் லண்டன்காரர்கள், இணையத்தில் தேட வசதியாக, கட்டுரை முழுவதையும் ஒரே எழுத்துச் சரமாகக் கேட்டார்கள். வீட்டில் மத்தி வறுவல் ஆறிக்கொண்டிருந்த அவசரம் பிஜேஷுக்கு. எல்லாக் கூட்டையும் உரி, உள்ளே இருப்பதையெல்லாம் கோத்துக் கொடு என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கிளம்பினான். கூடு போனபின் கட்டுரை எது, குறிப்பு எது என்று சரத்துக்குத் தெரியுமா?

டாக்டர் சதாசிவக் குறுப்பின் வாத்து ஆராய்ச்சி இணையத்தில் ஏறியது. அதன் நடுவயிற்றில் சோசம்மாவின் குறிப்பும், பெயரோடு, ஏறியது: 'இதே அட்டவணையைப் போன வருஷம் கோழிக்குப் போட்டார். எண்கள் மாறவில்லை, பறவை மட்டும் மாறியிருக்கிறது.'

இன்று காலை குறுப்பு நேரில் வந்து போட்ட சத்தத்தில் வெளியே பட்டம் என்கிற நாற்சந்தியில் பேருந்துகள் வழிவிட்டு ஒதுங்கின. அந்தப் பெண் இன்றே வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். எதுவும் லண்டனுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்ப்பது நீதானே என்று முதலாளி குருவிளா சோசம்மாவைக் கேட்டதற்கு, வயசாகிவிட்டது சாரே, கண்ணில் படவில்லை என்று தலைகுனிந்து சொல்லிவிட்டு வந்தாளாம். மகளின் நர்சிங் படிப்பு இன்னும் பாதிக் கிணறு.

பிஜேஷ் எழுந்து நின்றான். சோசம்மா அங்கிருந்தே நிமிர்ந்து பார்த்தாள்.

"மோனே, உன் சட்டையில மூணாவது பொத்தான் நூல் விட்டிருக்கு. கழண்டு விழுறதுக்குள்ள தைச்சுக்கோ."

வேலை போகிற நேரத்திலும் அடுத்தவன் பொத்தானுக்குக் கவலைப்படுகிற மனுஷி. பிஜேஷின் நெஞ்சுக்குள் திருச்சூர்ச் செண்டைக்காரர்கள் அத்தனை பேரும் இறங்கி அடிக்க ஆரம்பித்தார்கள். நேராக முதலாளியின் அறைக்குள் போனான். குறுப்பு அங்கேயே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சாரே, சேச்சி மேல தப்பில்ல. குறிப்பை வடிகட்டாம விட்டது நான். அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

குருவிளா வாயைத் திறக்குமுன் தொலைபேசி அடித்தது. லண்டன் இதழின் ஆசிரியர். குறிப்பைப் படித்தாராம். கோழிக் கணக்கு, வாத்துக் கணக்கு இரண்டின் மூலத்தையும் டாக்டர் உடனே அனுப்ப வேண்டுமாம்.

குறுப்புக்குத் திடீரென்று கோட்டயத்தில் ஒரு கல்யாணம் ஞாபகம் வந்தது. மோரைப் பாதியில் வைத்துவிட்டு, வேறு யாருடைய குடையையோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குருவிளா மோர் தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "சேச்சியைப் போய் உக்காரச் சொல்லு. நீ அந்த வரியை மாத்து. மாத்தாம மத்தி திங்கப் போனே, மீன்முள்ளாலேயே குத்துவேன்."

கீழே சாயாக்கடையில் பிஜேஷ் இரண்டு கட்டன்சாயா வாங்கி, ஒன்றைச் சோசம்மாவின் முன்னால் வைத்தான். ஏறிட்டுப் பார்க்கக் கூசியது.

"என்னால நீங்க அழ வேண்டியதாப் போச்சு சேச்சி. மன்னிச்சிடுங்க."

சோசம்மா மறுபடியும் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிஜேஷ் இப்போதுதான் பக்கத்திலிருந்து பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சுப் பாத்துட்டுத்தான் மோனே அனுப்பினேன்."