பிள்ளை குட்டி உள்ளவர்களுக்கு மட்டும்

"அப்பா, கை எட்டவே மாட்டேங்குது."

முன்கட்டுத் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்தபடி சிணுங்கினாள் அந்தச் சிறுமி. ஏழு வயது இருக்கும். அதைப் பார்த்த நொடியிலேயே வீரையா முடிவு செய்துவிட்டார், வீடு இவர்களுக்குத்தான் என்று.

போடிக்கு முதன்முதலாக ரயில் வந்த சமயத்தில் அவருடைய அப்பா கட்டிய வீடு அது. ஏலக்காய் வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவர், பர்மாத் தேக்கில் தூணும் நிலையும் உத்தரமுமாக இழைத்து, ஸ்டேசனுக்குப் பக்கத்திலேயே கட்டினார். உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் தண்டவாளத்தைப் பேர்த்துக் கொண்டுபோய், ஊரே ரயில் இல்லாமல் கிடந்தபோதும் வீடு அப்படியே நின்றது.

அந்த வீட்டில் இல்லாதது பிள்ளைச் சத்தம் ஒன்றுதான். வீரையாவுக்கும் பொன்னுமணிக்கும் கடைசிவரை குழந்தை இல்லை. "நமக்குப் பெறகு பிள்ள குட்டி உள்ளவகளுக்கே குடுங்க. ஒரு பிள்ளையாச்சும் இங்க ஓடி வெளாடட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போன வருசம் அவள் கண்ணை மூடினாள்.

தனிக்கட்டையாக இருந்த வீரையா, ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு பிசகிவிட்டது. உசிலம்பட்டியில் இருக்கும் தம்பி மகன் ராக்கையா, "எங்ககூட வந்துருங்க பெரியப்பா" என்று ஒற்றைக்காலில் நின்றான். வீட்டை விற்காமல் வேறு வழியில்லை.

கம்பத்து மரக்கடை முதலாளி ஒருவர் திரும்பத் திரும்ப ஆள் விட்டார். நல்ல விலைதான். ஆனால் அவருக்கு வேண்டியது வீடு அல்ல, தேக்கு. வாங்கிய கையோடு பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்.

"பிள்ள குட்டியோட குடியிருக்க வர்றவகளுக்குப் பாதி வெலைக்குக்கூடக் குடுப்பேன். ஒங்க மொதலாளிக்கு ஒரு மரச் சிலாம்புகூடக் கெடையாதுன்னு சொல்லு" என்று வந்த ஆளிடம் டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொல்லி அனுப்பினார் வீரையா.

அதற்குப் பிறகு வந்தவன்தான் காசிமாயன். மலைமேல் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் என்றான். கூட மனைவி கருத்தம்மா, ஒரே மகள்.

"மேல நல்ல பள்ளிக்கூடம் இல்லைங்கய்யா. பிள்ளையக் கீழ வச்சுப் படிக்கவைக்கணும். புதுசா வீடு கட்ட நமக்கு எங்க தோது? பழசுன்னாலும் பரவாயில்ல, கட்டுபடியாகுற வெலையாச் சொல்லுங்க."

கருத்தம்மா அடுப்படியை எட்டிப் பார்த்தாள். "வெளிச்சமா இருக்கு. சன்னலோரத்துல அம்மியப் போட்டுக்கலாம்" என்றாள். பொன்னுமணியின் அம்மியும் அங்கேதான் கிடந்தது.

சிறுமிக்கு இரண்டு முறுக்கு எடுத்துக் கொடுத்தார். ஒன்றைத் தின்றுவிட்டு, மற்றதைப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டாள்.

"அது யாருக்குத்தா?"

"தம்பிக்கு."

கருத்தம்மா சட்டென்று சிரித்தாள். "பக்கத்து வீட்டுப் பையன்தாங்கய்யா. எந்நேரமும் தம்பி, தம்பின்னு அவனத்தான் தூக்கிக்கிட்டுத் திரிவா."

கூடப்பிறந்தவர் இல்லாத பிள்ளைக்கு இவ்வளவு பாசமா என்று வீரையா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். காசிமாயன் கேட்ட விலைக்கு மறுபேச்சுப் பேசவில்லை.

பத்திரம் முடிந்த அன்று மத்தியானம் சாவிக்கொத்தைச் சிறுமியின் கையிலேயே கொடுத்தார். "இனி இது ஒன் வீடுத்தா. நல்லா ஓடி வெளாடு." அவள் காசிமாயன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

அன்று சாயங்கால ரயிலுக்கே கிளம்பினார். ஒரு டிரங்குப் பெட்டி, பொன்னுமணியின் போட்டோ, அவ்வளவுதான். தெருமுனையில் தார்ப்பாய் போட்ட லாரி ஒன்று திரும்பமுடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. நாலைந்து ஆட்கள் கீழே இறங்கி நின்றார்கள்.

"எந்த வீட்டுக்குப்பா?"

"காசிமாயன் புதுசா வாங்கியிருக்காருல்லங்கய்யா, தேக்குத்தூண் வீடு, அங்க."

சாமான் லோடு அதற்குள் வந்துவிட்டதே என்று வீரையாவுக்குச் சந்தோசம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வலிக்கிற இடுப்போடு தானே நின்று கைகாட்டி, சாக்கடையில் சக்கரம் இறங்காமல் லாரியைத் தெருவுக்குள் திருப்பிவிட்டார்.

ரயில் நகர்ந்தது. மலை மெல்லப் பின்னால் போனது. இன்று ராத்திரி அந்த வீட்டில் ஒரு பிள்ளை தூங்கும் என்று, மடியில் இருந்த பொன்னுமணியின் போட்டோவிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு கண் தானாகச் சொக்கியது.

"கொய்யாப்பழம், கொய்யாப்பழம்."

தேனி தாண்டியதும் ஒருத்தி கூடையோடு பெட்டிக்குள் வந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த சிறுமியைப் பார்த்ததும் வீரையா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே பிள்ளை.

"என்னத்தா, நீ எப்பிடி இங்க? ஒங்கம்மா எங்க?"

சிறுமி வெட்கத்தோடு நெளிந்தாள். கூடைக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருடி இவரு?"

"மரக்கடை மாமா தன்னைய அப்பான்னு கூப்பிடச் சொன்னாருல்ல ஆத்தா, அந்த வீட்டுத் தாத்தா."